வாசலில் வந்து நின்ற சிலிண்டர்

கடலில் மூழ்கிப்போனவர் முதுகில் கட்டிப்போன காற்றுச் சிலிண்டர் எங்கள் ஊரில் தானாகவே வீடு திரும்பிவிடும். பழைய இரும்புச் சிலிண்டர் மட்டும்தான். அலுமினியத்துக்கு அந்தப் புத்தி கிடையாது. காற்று குறையக் குறைய அதற்கு உடம்பு லேசாகிவிடும், மிதக்க ஆரம்பிக்கும், நீரோட்டம் இழுத்த பக்கம் போய்விடும். இரும்பு அப்படியில்லை. காலியானாலும் கனம் விடாது, கடலடியில் நிற்கும். நிற்கத் தெரிந்தது நடக்கவும் செய்யும்.

இரும்புச் சிலிண்டருக்கு அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். ரப்பர் செருப்பு மாட்டினால்தான் நேராக நிற்கும். செருப்பு இருப்பவை நடந்து வரும். செருப்பைத் தொலைத்தவை உருண்டு வரும். உருண்டு வருகிறவை தெருமுனையில் திரும்பச் சிரமப்படும். யாராவது போகிற போக்கில் காலால் லேசாகத் திருப்பி விடுவார்கள்.

அப்பாவுடையது நடந்து வந்தது. அம்மா இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்த காலை நேரம். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சங்கு குளிக்கப் போய்த் திரும்பாமல், படகுக்காரர்கள் தேடிப் பார்த்துவிட்டு வலையைக் காயப்போட்டிருந்த வாரம் அது. சிலிண்டர் தெருவில் ஈரத் தடம் பதித்துக்கொண்டு வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றி விட்டது. செருப்பில்லாமல் நிற்க முடியாததால் சுவரில் சாய்ந்துகொண்டது.

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு, "எம்மா, அப்பா சிலிண்டர் வந்துருக்கு" என்றேன். அம்மா எட்டிப் பார்த்தாள். பிறகு அடுத்த தட்டில் பிழிய மாவு எடுத்தாள்.

வந்த சிலிண்டரை வீட்டார் அடையாளம் காட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். மனைவி இருந்தால் மனைவிதான் காட்ட வேண்டும். பிள்ளைகள் சொல்வது செல்லாது. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள் என்று ஊரில் ஒரு எண்ணம். அடையாளம் காட்டியதும் சிலிண்டர் வீட்டுக்குள் வரும். வால்வைத் திறப்பார்கள். அவர் மூச்சு விட்டது போக மிச்சமிருக்கும் காற்று வீடெல்லாம் பரவும். வீட்டார் அதைச் சுவாசிப்பார்கள். அது தீர்ந்ததும் கல்லறையில் பெயர் எழுதலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை யாரும் அடையாளம் காட்டவில்லை என்றால், கம்ப்ரசர் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் குறுக்கே அறுத்துவிடுவார்கள். மேல்பாதி மணியாகிவிடும். எங்கள் பள்ளிக்கூட மணி அப்படி அடையாளம் காட்டப்படாத ஒருவர்தான். பெயர் தெரியாது. ஆனாலும் அவர் ஒலித்தால் எல்லாரும் எழுந்து நிற்போம். இந்தத் தடவை பால்வாடிக்கு ஒரு மணி தேவைப்படுவதாகப் பேசிக்கொண்டார்கள். அப்பாவுக்குச் சின்னப் பிள்ளைகள் என்றால் பிடிக்கும். ஆனால் அடித்தால் மட்டும் வாய் திறக்கிற வேலை அவருக்கு ஒத்துவராது என்று எனக்குத் தோன்றியது.

சந்தியாகுச் சித்தப்பாதான் ஊருக்கெல்லாம் சிலிண்டரில் காற்று நிரப்புகிறவர். அடையாளம் பார்க்கிற பொறுப்பும் அவருடையது. கூடப் பிறந்த சித்தப்பா இல்லை, தெரு முறைக்குச் சித்தப்பா. மரச் சுத்தியலோடு அவர் வந்தபோது தெருப் பெண்களும் கூடவே வந்தார்கள்.

"மைனி, தோளப் பாருங்க" என்றார் அம்மாவிடம். சிலிண்டரின் கழுத்துக்குக் கீழே, சரிவில், எழுத்துகள் குத்தப்பட்டிருக்கும். "இது செஞ்ச வருசம். இதெல்லாம் சோதனை போட்ட வருசம். அழுத்தம் குடுத்தா வீங்கி, விட்டா பழைய அளவுக்கு வந்துருக்குன்னு அர்த்தம். இந்தா கூட்டல் குறி. எழுதியிருக்கிறதுக்கு மேல கொஞ்சம் காத்து புடிக்கலாம்னு போட்டது. எங்க அண்ணன் சிலிண்டர்ல கூட்டல் குறி இப்படித்தான் சாய்ஞ்சு கெடக்கும்."

"கூட்டல் குறி எல்லா வீட்லயும்தான் இருக்கு தம்பி" என்றாள் அம்மா.

அந்தச் சிலிண்டருக்கு அப்பாவைவிட வயது அதிகம். அதனால் அவர் அதை வாங்க, போங்க என்றுதான் சொல்வார். தோளில் ஏற்றும்போது, "வாங்க, போலாம்" என்பார். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பிள்ளைகள் சொல்வது செல்லாது என்பதால் சொல்லவில்லை.

சித்தப்பா சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே துருப்பிடித்த இரும்பு டொக்கென்று நின்றுவிடும். நல்ல இரும்பு நீளமாக ஒலிக்கும். இது தெருமுனை வரை ஒலித்தது. எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு நிழலில் படுத்தது. பெண்கள் தலையாட்டினார்கள்.

"அவுகளுக்கு நெஞ்சுச் சளி. இவ்வளவு தெளிவா வராது" என்றாள் அம்மா. "செருப்பையும் பாருங்க, வாசல்ல குறுக்க கெடக்கு. அவுக ஓரமா விடுவாவ."

சித்தப்பா கடைசியாகக் கம்பியைப் பார்த்தார். பழைய சிலிண்டர்களோடு காற்றளவு காட்டும் மீட்டர் வராது. கடைசிக் காற்றை உள்ளே ஒரு ஸ்பிரிங் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். மூச்சிழுக்க இறுக்கமானால் காற்று முடியப்போகிறது என்று அர்த்தம். அப்போது இடுப்புப் பக்கம் தொங்கும் கம்பியைக் கீழே இழுக்க வேண்டும். ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும், மிச்சக் காற்று வரும். மேலே ஏறி வர அது போதும். அதற்கு ரிசர்வ் என்று பெயர்.

கம்பி இழுக்கப்படாமல் மேலேயே இருந்தது.

அம்மா முதல் தடவையாகச் சிலிண்டரை நேராகப் பார்த்தாள். "ரிசர்வ் அப்படியே இருக்குல்லா" என்றாள். "அப்போ இது அவுகளுது இல்ல. அவுக இழுக்காம இருப்பாவளா? வீட்ல ரெண்டு பேரு உக்காந்துருக்கோம்னு தெரியாதா அவுகளுக்கு?"

பெண்களில் ஒருத்தி கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

நான் மட்டும் வேறொன்றைப் பார்த்தேன். கம்பியோடு ஒரு துணிக்கிழிசல் சுற்றிக் கட்டியிருந்தது. அம்மாவின் நீலச் சேலையில் கிழித்தது, சின்னச் சின்ன மாங்காய் போட்ட துணி. கடலுக்கடியில் கிழிந்த வலைகள் நிறையக் கிடக்கின்றன. கம்பி அவற்றில் மாட்டி, தெரியாமலே ரிசர்வ் திறந்துகொண்டுவிடும். பிறகு காற்று முடிவதற்கு எச்சரிக்கையே இருக்காது. அதனால் எங்கள் தெருவில் காலையில் வீட்டுக்காரிகள் பழைய சேலையைக் கிழித்து, கம்பியைச் சிலிண்டரோடு சேர்த்து ஒரு சுருக்குப் போட்டு அனுப்புவார்கள். ஒரு சுருக்குதான் போட வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் அவிழ்ந்துவிட வேண்டும். அம்மா எதைக் கட்டினாலும் மேலே இன்னொரு முடிச்சுப் போடுவாள். என் சடைக்கும் சோற்று டப்பாவுக்கும் அப்படித்தான். போட்டுவிட்டு, "இனி எங்கயும் போவாது" என்பாள்.

சித்தப்பா பார்க்க வேண்டியவற்றில் துணி கிடையாது. அதனால் அவர் பார்க்கவில்லை.

அம்மா சிலிண்டரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடிச்சை விரலால் நெருடினாள். உப்புத் தண்ணீரில் ஊறி அது கல்லாகிவிட்டிருந்தது. குனிந்து பல்லால் அவிழ்க்க ஆரம்பித்தாள். பின்னால் நின்றவர்களுக்கு அவள் சிலிண்டரை முத்தமிடுவதாகத் தெரிந்தது. ரொசாரி மாமி அழுதாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். அம்மா நிதானமாக இரண்டு முடிச்சையும் அவிழ்த்தாள், துணியைச் சுருட்டி இடுப்பில் செருகினாள், வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இது எங்க வீட்டு ஆளு இல்ல" என்றாள்.

ஞாயிறு வரைக்கும் பொழுது இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா போனார். சிலிண்டர் வெயிலில் சாய்ந்து நின்றது. நான் பள்ளிக்கூடக் குடையை அதற்கு விரித்து வைத்தேன். அம்மா வாசல் பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினாள். சாப்பாட்டு நேரத்தில் அது கதவுப் பக்கமாகக் கொஞ்சம் நகரும். அம்மா அதையும் பார்ப்பாள், கதவை ஒருக்களித்துச் சாத்துவாள்.

எனக்கு எல்லார் குரலும் வரும். மினி பஸ் கண்டக்டர், மீன் ஏலம் கூறுகிறவர், கோயில் திருவிழா அறிவிப்பு எல்லாம் போடுவேன். ஒரு தடவை தலைமையாசிரியை குரலில் இன்று விடுமுறை என்று வராந்தாவிலிருந்து சொன்னேன். பள்ளிக்கூடம் காலியாகிவிட்டது. தலைமையாசிரியையும் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் சொன்னதை அவரே கேட்காமல் இருக்க முடியுமா?

அப்பா குரலை மட்டும் நான் போட்டதில்லை. அந்தக் குரலில் பேச வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தார். இப்போது நான்தான் போட வேண்டும் என்று நினைத்தேன். சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவர் குரலில் இரண்டு வார்த்தை பேசினால், அம்மாவுக்கு வேறு வழி இருக்காது. அடையாளம் காட்டிவிடுவாள், அப்பா அறுபடாமல் வீட்டுக்குள் வந்துவிடுவார்.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு காலி டிரம்மில் தலையை விட்டு அவர் குரலைப் பழகினேன். முதலில் கண்டக்டர் வந்தார். பிறகு பூசை வைக்கிற சாமியார் வந்தார். நெஞ்சில் கொஞ்சம் சளியைச் சேர்த்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்காமல் விட்டபோது அப்பா வந்தார். டிரம்முக்குள் அவர், "ஏட்டி கித்தேரி, என்ன செய்யுத" என்று கேட்டார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து தெரு முழுக்க வந்துவிட்டது. சித்தப்பா தள்ளுவண்டியோடு வந்தார். வண்டியில் ஒரு சாக்கு விரித்திருந்தது, அதன் மேல் அறுக்கிற ரம்பம் இருந்தது. அம்மா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கேட்கிறேன் மைனி, என்றார் சித்தப்பா. உள்ளே கரண்டிச் சத்தம்தான் கேட்டது. சித்தப்பா சிலிண்டரைத் தூக்கக் குனிந்தார்.

நான் அதற்குப் பின்னால் குந்தியிருந்தேன்.

"பிரகாசி, சோறு ஆச்சா..." என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா, "இப்பதான் வடிச்சேன். கையக் கழுவுங்க" என்றாள். வழக்கமான குரலில், வழக்கமான எரிச்சலோடு சொன்னாள். பிறகு சத்தம் நின்றது. கரண்டியைக் கீழே வைத்தாள். வெளியே வந்தாள்.

தெரு விலகி நின்றது. அம்மா சிலிண்டரிடம் வந்தாள். அதைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். என் தோளைப் பிடித்துத் தூக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். நான் அப்பா மாதிரி வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன்.

"இவுகதான்" என்றாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க மைனி" என்றார் சித்தப்பா.

"எனக்குத் தெரியாதா? இவுகதான் எங்க வீட்டு ஆளு."

அடையாளம் காட்டியாகிவிட்டது. காட்டினால் காட்டியதுதான், அதைத் திருப்பிக்கொள்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. சித்தப்பா என்னைப் பார்த்துத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "வாங்க தஸ்நேவிஸண்ணே. ரொம்பத் தேடிட்டோம்" என்றார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்போ இது யாரு?"

அம்மா சிலிண்டரைத் திரும்பிப் பார்த்தாள். அது குடைக்கடியில் சுவரில் சாய்ந்து நின்றது.

"எம் மவ கித்தேரி" என்றாள். "வெயில்ல நின்னு மூஞ்சி காஞ்சு போச்சு பாருங்க. உள்ள வாட்டி."

சித்தப்பா ரம்பத்தைச் சாக்கில் சுற்றினார். பால்வாடிக்கு வேறு யாராவது கிடைப்பார்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். ரொசாரி மாமி என்னைப் பார்த்துச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆம்பிளைக்கு முன்னால் அப்படித்தான் செய்வாள்.

சாயங்காலம் அப்பாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு அவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். அம்மா மீன் தலையை என் தட்டில் வைத்தாள். தலை அப்பாவுக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. தின்றேன். சிலிண்டருக்கு எண்ணெய் தடவி, வால்வுக்குக் கீழே சிவப்பு ரிப்பன் கட்டி என் பாயில் படுக்க வைத்திருந்தாள். ரிப்பனுக்கு இரண்டு முடிச்சுப் போட்டிருந்தாள். வால்வைத் திறக்கிற பேச்சே எழவில்லை. உயிரோடிருக்கிற பிள்ளையின் காற்றை யாரும் திறந்துவிடுவதில்லை.

அம்மா எனக்கு எதிரில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இடுப்பிலிருந்து அந்தத் துணியை எடுத்து மடியில் வைத்து நீவினாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "கட்டு ரொம்ப இறுக்கமா இருந்துச்சா?"

நான் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். நெஞ்சில் சளியைச் சேர்த்துக்கொண்டேன்.

"இல்ல பிரகாசி. அங்க கையே போகல. பெரிய சங்கு ஒண்ணு கெடந்துச்சு, அதயே பாத்துக்கிட்டு..."

"பாத்துக்கிட்டு?"

"பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "நீங்க எப்பவும் அப்படித்தான். கூப்புடுதவ ஒருத்தி இருக்கான்னு நெனப்பே கெடையாது" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள். அப்பா போன பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். துணியை அடுப்பில் போட்டாள். உப்பேறியிருந்ததால் எரிய நேரமானது.

மறுநாள் கித்தேரி பள்ளிக்கூடம் போனது. அம்மா சீருடைப் பாவாடையைச் சுற்றிக் கட்டி, செருப்பை மாட்டி அனுப்பிவைத்தாள். என் இடத்தில் உட்கார்ந்ததாம். பெயர் கூப்பிட்டபோது பக்கத்துப் பிள்ளை ஸ்கேலால் லேசாகத் தட்ட, நீளமாக ஒலித்ததாம். வகுப்பு டீச்சர் தெருவில் என்னைப் பார்த்து நின்றார். உங்கள் மகள் இப்போதுதான் படிக்கிற பிள்ளை மாதிரி அடக்கமாக இருக்கிறாள், முன்னால் வாய் ஓயாது, என்றார். நான் அவளைக் கண்டித்து வைத்திருப்பதாகச் சொன்னேன். டீச்சர் நன்றி சொன்னார்.

ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது கித்தேரியின் குரலைப் போட்டுப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அப்பாவாக இருந்து எத்தனையோ நாள் அவளைத் திட்டியிருக்கிறேனே தவிர, உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்டதில்லை.

காற்று இறங்கி, கடல் தெளிந்ததும் படகுக்காரர்கள் கூப்பிட வந்தார்கள். வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள் சாப்பிட முடியும்? சந்தியாகு வேறொரு பழைய இரும்புச் சிலிண்டரில் காற்றுப் பிடித்துக் கொடுத்தான். இப்போது அவன் எனக்குத் தம்பி. அம்மா வாசல் வரை வந்தாள். கம்பியைக் கையில் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தாள், மேலே தள்ளிப் பார்த்தாள். மறுபடியும் இழுத்தாள். தடையில்லாமல் போய் வந்தது. எதுவும் கட்டவில்லை. "போய்ட்டு வாங்க" என்றாள். அவள் கை கம்பியை விடக் கொஞ்சம் தாமதமானது.

"வாங்க, போலாம்" என்று சிலிண்டரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

தண்ணீர் முதலில் பச்சையாக இருந்தது, பிறகு சாம்பல் நிறமானது. தரையில் மணல் வரி வரியாகக் கிடந்தது. கொஞ்ச தூரம் போனதும் அப்பா இருந்தார். மண்டியிட்டு மணலை விலக்கிச் சங்கு எடுத்துக்கொண்டிருந்தார். முதுகில் சிலிண்டர் இல்லை. அவர் பக்கத்தில் சங்குகள் அளவுவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன.

என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். நானும் மண்டியிட்டேன். என் பையை வாங்கி, பெரிய சங்குகளாகப் பொறுக்கி அவரே நிரப்பினார். நான் அவர் தோளைத் தொட்டேன். மேலே கை காட்டினேன். அவர் மேலே பார்த்தார். படகின் அடிப்பாகம் சின்ன இலை மாதிரி தெரிந்தது.

வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று விரலால் கேட்டார்.

நான் யோசித்தேன். பிரகாசி இருக்கிறாள். தஸ்நேவிஸ் இருக்கிறேன். கித்தேரி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். மூன்று விரலைக் காட்டினேன்.

அவரும் தன் விரல்களில் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். வீட்டில் எப்போதும் மூன்று பேர்தான், கணக்குச் சரியாக வந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, எல்லாம் சரி என்று வட்டம் காட்டினார். பிறகு பையின் வாயை இறுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த சங்கைத் தோண்டத் தொடங்கினார்.